விற்பவர், வாங்குபவர், நடுவில் ஓர் ஊர்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் குரோலி என்றொரு கவுண்டி இருக்கிறது. ஆர்க்கன்சா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, முலாம்பழமும் தக்காளியும் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டும் விளைவித்த பூமி. 1970களின் தொடக்கத்தில் 50,000 ஏக்கருக்கு மேல் பாசனம் நடந்தது. ஆனால் சர்க்கரை ஆலை 1967லேயே மூடிவிட்டது. விவசாயிகளுக்குக் கடன் தலைக்கு மேல். அந்த நேரம் பார்த்து அரோரா, கொலராடோ ஸ்பிரிங்ஸ், பியூப்லோ ஆகிய நகரங்கள் தங்கள் குடிநீர்த் தேவைக்காக வாய்க்கால் பங்குகளை நல்ல விலைக்குக் கேட்டன. யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஒருவர் விற்றார், பக்கத்து வயல்காரரும் விற்றார். இன்று அங்கே பாசனம் பெறும் நிலம் பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. வயல்களில் களை, காற்றடித்தால் புழுதி. ஊர்க்காரர்களுக்கு வேலை தரும் பெரிய இடங்கள் இப்போது சிறைச்சாலைகள்.

விற்றவர் ஏமாறவில்லை. கடனை அடைத்தார், ஓய்வுக்குப் பணம் வைத்துக்கொண்டார். வாங்கிய நகரமும் ஏமாறவில்லை. இரு தரப்புக்கும் லாபமான ஒரு பேரம் முடிந்த பிறகு ஓர் ஊரே வெளிறிப்போகிறது என்றால், அந்த நஷ்டம் யாருடையது? விற்பதற்குத் தண்ணீரே இல்லாதவருடையது. கூலியாள், உரக்கடைக்காரர், டிராக்டர் பழுது பார்ப்பவர், குத்தகைதாரர், அதே வாய்க்காலில் விற்காமல் நின்ற விவசாயி. தண்ணீர் வணிகம் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் சந்தை நல்லதா கெட்டதா என்பதிலேயே சுற்றி வருகின்றன. அதைவிட இந்த மூன்றாம் ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகப் புரியும்.

முதலில், விற்கப்படுவது என்ன என்று பார்த்துவிடலாம். இதில் உலகிலேயே அதிக அனுபவம் உள்ள இடம் ஆஸ்திரேலியாவின் மர்ரே–டார்லிங் ஆற்றுப் படுகை. நாட்டின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு அது. ஒரு காலத்தில் அங்கேயும் தண்ணீர் நிலத்தோடு ஒட்டியிருந்தது; நிலத்தை விற்றால் தண்ணீரும் போகும், நிலம் இருக்கும்வரை தண்ணீரைத் தனியே விற்க முடியாது. ஆற்றிலிருந்து எடுப்பது எல்லை மீறிப் போனதால் 1995ல் மொத்த எடுப்புக்கு ஓர் உச்சவரம்பு வந்தது. அதற்கு மேல் புது உரிமம் கிடையாது. புதிதாகப் பயிர் செய்ய வருபவர், ஏற்கெனவே வைத்திருப்பவரிடம்தான் வாங்க வேண்டும். 1994ல் மத்திய, மாநில அரசுகள் ஒப்புக்கொண்ட சீர்திருத்தமும் 2004ன் தேசிய நீர் உடன்பாடும் நிலத்தையும் தண்ணீரையும் தனித்தனிச் சொத்துகளாகப் பிரித்தன. விக்டோரியா மாநிலத்தின் வடபகுதியில் அந்தப் பிரிப்பு 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

இதில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. ஒன்று நிரந்தர உரிமை: ஒவ்வோர் ஆண்டும் அணையில் இருப்பதில் இத்தனை பங்கு எனக்கு என்பது. இன்னொன்று அந்த ஆண்டுக்கு அந்தப் பங்கின்மீது ஒதுக்கப்பட்ட தண்ணீர். நூறு மெகா லிட்டர் (ஒரு மெகா லிட்டர் என்பது 10 லட்சம் லிட்டர்) உரிமை வைத்திருப்பவருக்கு நல்ல வருடத்தில் நூறும் கிடைக்கலாம், வறட்சியில் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். நியூ சவுத் வேல்ஸின் மர்ரே பள்ளத்தாக்கில் பொது வகை உரிமை வைத்திருந்தவர்களுக்கு 2018–19 பாசன ஆண்டின் ஒதுக்கீடு பூஜ்யம். அதே ஆற்றில், ஒதுக்கீட்டில் முன்னுரிமை பெறும் உயர்வகை உரிமை வைத்திருந்த பழத்தோட்டக்காரருக்குக் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. ஆண்டு ஒதுக்கீட்டை விற்பவர் அந்த வருட விளைச்சலை விற்கிறார். நிரந்தர உரிமையை விற்பவர் இனி வரப்போகும் எல்லா வருடங்களையும் விற்கிறார். தண்ணீர் வணிகத்தின் விளைவு என்று பேசும்போது இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

ஆண்டு ஒதுக்கீட்டு வணிகத்துக்கு உள்ள நல்ல பெயர் சும்மா வந்ததல்ல. 1990களின் பிற்பகுதியில் தொடங்கி 2009 வரை நீண்ட பெருவறட்சியில் அதைக் கண்கூடாகப் பார்க்க முடிந்தது. நெல் ஒரு வருடப் பயிர். இந்த வருடம் போடாவிட்டால் அடுத்த வருடம் போடலாம். திராட்சையோ ஆரஞ்சோ அப்படியில்லை. ஒரு கோடை காய்ந்தால் மரமே போய்விடும், திரும்ப வளர்க்க ஐந்தாறு வருடம். ஆகவே நெல் விவசாயி கையிலிருந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் பழத்தோட்டக்காரருக்கு விற்றார். 2007ன் பிற்பகுதியில் ஒரு மெகா லிட்டர் 1,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. அந்த விலைக்கு நெல் போட்டுச் சம்பாதிக்க முடியாது; விற்றவர் அந்த வருடம் தாக்குப்பிடித்தார், வாங்கியவரின் மரம் பிழைத்தது. 2008–09ல் இந்த வணிகம் நாட்டின் மொத்த உற்பத்தியை 22 கோடி டாலர் கூட்டியது என்று தேசிய நீர் ஆணையம் மதிப்பிட்டது. சந்தை இல்லாமல் ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நெல்லும் அரைகுறை, தோட்டமும் அரைகுறை என்று ஆகியிருக்கும். இதை மறுப்பவர் அந்தக் கோடைகளை மறந்துவிட்டவர்.

சரி, இதே கதையை டெனிலிகுவின் என்ற ஊரிலிருந்து பார்க்கலாம். தென் அரைக்கோளத்திலேயே பெரிய அரிசி ஆலை அங்கேதான். நல்ல வருடத்தில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் விளைந்த நாட்டின் நெல், 2008 அறுவடையில் சுமார் 20,000 டன்னுக்கு இறங்கியது. ஆலை 2007 டிசம்பரில் மூடப்பட்டு, மழை திரும்பிய பிறகு 2011ல்தான் திறந்தது. தண்ணீரை விற்ற நெல் விவசாயிக்கு விற்ற காசாவது இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு விற்க எதுவும் இல்லை. நெல்லை ஏற்றிச் சென்ற லாரிக்காரருக்கும் இல்லை; விதைப்புக்கு விமானம் ஓட்டியவருக்கும் இல்லை.

நியாயமாகச் சொன்னால், ஆலையை மூடியது சந்தை அல்ல, வறட்சி. தண்ணீர் விற்க அனுமதி இல்லாதிருந்தாலும் அந்த அளவு ஒதுக்கீட்டில் ஆலை ஓடியிருக்காது. வறட்சியின் பழியைச் சந்தைமீது போடுவது அந்தப் பக்கத்தில் இன்றும் வழக்கம். அரசியல்வாதிக்கும் அது வசதி. ஆனால் சந்தை ஒன்றை நிச்சயமாகச் செய்தது. வறட்சியின் நஷ்டத்தில் உரிமை வைத்திருந்தவரின் பங்கைப் பணமாக்கிக் கொடுத்தது, மற்றவர்களின் பங்கை அப்படியே விட்டது. அதுவரை ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வறட்சி வந்தது. அதற்குப் பிறகு உரிமை உள்ளவருக்கு ஒரு வறட்சி, இல்லாதவருக்கு வேறு வறட்சி.

யாரும் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. தூங்கும் உரிமங்கள் என்று அங்கே சொல்வார்கள்: பெயரளவில் இருந்தும் பல வருடங்களாகப் பயன்படுத்தப்படாதவை. வயதான விவசாயி, ஆடு மேய்ப்பவர் என்று பலரிடம் இவை கிடந்தன. அவர்கள் எடுக்காமல் விட்ட தண்ணீர் அணையிலேயே தங்கி, மற்றவர்களின் ஒதுக்கீட்டைக் கூட்டியது. விற்கலாம் என்று சட்டம் வந்ததும் அவை விழித்துக்கொண்டன. விற்றவருக்கு எதிர்பாராத பணம். ஆனால் எப்போதும் உழைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தவருக்கு, தான் எதையும் விற்காமல், வாங்காமல் இருந்தபோதே பங்கின் நம்பகத்தன்மை குறைந்துபோனது.

வாய்க்கால் ஓட்டையாகும்போது

நிரந்தர உரிமை ஒரு பகுதியை விட்டு வெளியேறுவது வேறு மாதிரியான சேதம். அது மெதுவாக நடக்கும், வெளியூர்க்காரர் கண்ணில் படாது. வாய்க்காலைப் பராமரிக்கும் செலவு அதில் ஓடும் தண்ணீரின் அளவைப் பொறுத்தது அல்ல. மதகு, கரை, மீட்டர், ஆள் சம்பளம் எல்லாம் நூறு விவசாயிக்கும் அதேதான், ஐம்பது விவசாயிக்கும் கிட்டத்தட்ட அதேதான். நூறு பேரில் நாற்பது பேர் விற்றுவிட்டுப் போனால், மீதி அறுபது பேர் தலையில் அந்தச் செலவு ஏறும். கட்டணம் ஏறியதும் அறுபதில் இன்னும் பத்துப் பேருக்கு விற்றுவிடலாமா என்று தோன்றும். விற்றவர்கள் வரிசையாக ஒரே முனையில் இருந்தால் அந்தக் கிளை வாய்க்காலையே மூடிவிட்டு மிச்சப்படுத்தலாம். நடைமுறையில் அங்கொருவர் இங்கொருவராகத்தான் விற்பார்கள். தலைமடையில் இரண்டு வயல் காய, நடுவில் ஒன்று பசுமையாக, அப்புறம் மூன்று தரிசு, கடைமடையில் ஒருவர் மட்டும் பாசனம் என்று ஆகிவிடும். அந்தக் கடைசி ஆளுக்காக முழு வாய்க்காலும் நிரம்ப வேண்டும். வழியில் ஆவியாவதும் கசிவதும் எல்லோர் கணக்கிலும் கழியும்.

வெளியேறுபவரிடம் ஒரு கட்டணம் வாங்கலாம் என்று ஆஸ்திரேலியா ஏற்பாடு செய்தது. ஆண்டுக் கட்டணத்தைப் போல பத்து மடங்கு வரை அதற்கு உச்சவரம்பு. அதற்கு முன்பு, ஒரு பாசனப் பகுதியிலிருந்து ஒரே ஆண்டில் 4 சதவீதத்துக்கு மேல் உரிமை வெளியே போகக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. பொருளாதார வல்லுநர்கள் அந்த 4 சதவீத விதியைத் திட்டித் தீர்த்தார்கள்: வருடத் தொடக்கத்திலேயே வரம்பு தீர்ந்துவிடும், அவசரமாக விற்க வேண்டிய கடன்காரர் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் சொன்னது சரிதான். விதி பின்னர் நீங்கியது. ஆனாலும் அந்த விதிக்குப் பின்னால் இருந்த பயம் முட்டாள்தனமானது என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பள்ளிக்கூடமோ பால் ஆலையோ இருபது வருடத்தில் மெல்ல மெல்லச் சுருங்கலாம். மூன்று வருடத்தில் சுருங்கச் சொன்னால் உடைந்துவிடும். விதி மோசமாக வடிவமைக்கப்பட்டிருந்தது. வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்படியில்லை.

விக்டோரியாவின் கோல்பர்ன்–மர்ரே பாசன மாவட்டத்தில் இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கலாம். அது பால் பண்ணைகளின் நாடு. வறட்சியின்போதும் அதற்குப் பிறகும் பல பண்ணைக்காரர்கள் கடனை அடைக்க நிரந்தர உரிமையில் ஒரு பகுதியை விற்றார்கள். தேவைப்பட்டால் ஆண்டுச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. 2010–11ல் மழை கொட்டி, மெகா லிட்டர் சில பத்து டாலருக்கு இறங்கியபோது அந்தக் கணக்கு புத்திசாலித்தனமாகவே தெரிந்தது. 2018–19ல் வறட்சி திரும்பி விலை பல நூறு டாலருக்கு ஏறியபோது அதே பண்ணைக்காரர் சந்தையில் போட்டியிட வேண்டிய ஆள் யார்? ஆற்றின் கீழ்ப்பகுதியில் ராபின்வேல் போன்ற இடங்களில் முளைத்த பாதாம் தோட்டங்கள்.

ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டில் பாதாம் 4,000 ஹெக்டேருக்கும் குறைவு. இருபது ஆண்டுகளில் அது 50,000 ஹெக்டேரைத் தாண்டியது. பாதாம் மரத்துக்கு எந்த வருடமும் விடுமுறை கிடையாது. தண்ணீர் விட்டே ஆக வேண்டும். தோட்டத்தில் கோடிக்கணக்கில் போட்ட நிறுவனம் மரத்தைக் காக்க எந்த விலையும் கொடுக்கும். பெருவறட்சியில் நெல் விவசாயி விட்டுக்கொடுத்தார், தோட்டக்காரர் வாங்கினார் என்று சொன்னோமே, அந்தச் சமநிலைக்கு விட்டுக்கொடுக்கக்கூடிய பயிர்கள் போதிய அளவு இருக்க வேண்டும். படுகை முழுக்க விட்டுக்கொடுக்க முடியாத பயிர்களால் நிரம்பினால், அடுத்த பெருவறட்சியில் விற்க ஆள் இருக்க மாட்டார், வாங்க மட்டும் எல்லோரும் இருப்பார்கள். சந்தையே தன் மெத்தையை உருவிக்கொண்டது என்று சொல்லலாம்.

பாலுக்கு நடந்த எல்லாவற்றையும் தண்ணீர்மீது சுமத்த முடியாது. 2016ல் பால் கொள்முதல் விலையே சரிந்தது. 2017ல் ராச்செஸ்டர் ஊரின் பால் ஆலையை மூடுவதாக அறிவித்த மர்ரே கோல்பர்ன் கூட்டுறவுக்கு வேறு சொந்தச் சிக்கல்கள் நிறைய. ஆனால் பால் விலை இறங்கும்போது தண்ணீர் விலையும் ஏறியிருந்தால் பண்ணை இரண்டு பக்கமும் நசுங்கும். பண்ணை குறைந்தால் ஆலைக்குப் பால் குறையும். ஆலை போனால் மீதிப் பண்ணைகளின் பால் தூரத்துக்குப் போக வேண்டும்.

தண்ணீர் இடம் மாறுவதில் ஆற்றுக்கும் ஒரு கருத்து உண்டு. மர்ரே ஆற்றில் பார்மா இடுக்கு என்ற குறுகிய பகுதி வழியாக ஒரு நாளைக்குச் சுமார் 7,000 மெகா லிட்டர்தான் கரை மீறாமல் போக முடியும். காகிதத்தில் தண்ணீரை மேலிருந்து கீழே விற்பது ஒரு நிமிட வேலை. ஆறு அதைச் சுமக்க வேண்டுமே. இடுக்கைத் தாண்டிக் கீழே விற்பதற்கு, அதே அளவு மேலே விற்கப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அதனால் கீழே போகும் தண்ணீர் கோல்பர்ன் ஆற்று வழியாகத் திருப்பப்பட, கோடையில் இயல்பாகத் தாழ்ந்து ஓட வேண்டிய அந்த ஆறு நிரம்பி ஓடிக் கரைகள் அரித்தன. இதற்கெல்லாம் பேரத்தின் விலையில் இடம் கிடையாது.

அரசே வாங்க வந்தால்

2008லிருந்து சந்தைக்குள் மிகப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் நுழைந்தார்: மத்திய அரசு. ஆறு செத்துக்கொண்டிருந்தது, ஆற்றுக்கே தண்ணீர் வேண்டும். உரிமையைப் பிடுங்காமல் விலைக்கு வாங்குவது என்று முடிவானது. பிடுங்குவதைவிட இது எவ்வளவோ நேர்மை. 2009ல் ட்வைனம் என்ற ஒரே நிறுவனத்திடமிருந்து மட்டும் 240 ஜிகா லிட்டர் உரிமை 30.3 கோடி டாலருக்கு வாங்கப்பட்டது. ஒரு ஜிகா லிட்டர் என்பது 100 கோடி லிட்டர். அதற்கு முந்தைய ஆண்டு பர்க் ஊருக்கு அருகே தூராலி என்ற பெரும் பண்ணையை மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து 2.375 கோடி டாலருக்கு வாங்கி, நிலத்தைத் தேசியப் பூங்காவாக்கின. தண்ணீர் டார்லிங் ஆற்றுக்குத் திரும்பியது. பர்க் வட்டாரத்துக்கு ஒரு பெரிய முதலாளியும் அவர் கட்டிய உள்ளூர் வரியும் போயின.

2010 அக்டோபரில், ஆற்றிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று வரையறுக்கும் படுகைத் திட்டத்தின் முன்வரைவு வெளியானபோது கிரிஃபித் ஊரில் விவசாயிகள் அதன் பிரதிகளைக் குவித்துத் தீயிட்டார்கள். 2012ல் இறுதித் திட்டம் 2,750 ஜிகா லிட்டரை ஆற்றுக்கு மீட்க வேண்டும் என்று நிர்ணயித்தது. 2015ல் அரசு நேரடியாக வாங்குவதற்கு 1,500 ஜிகா லிட்டர் என்று உச்சவரம்பு போட்டார்கள். 2023ல் வந்த சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது.

இந்த வாங்கல்களால் ஊர்கள் அழிந்தனவா? இங்கேதான் ஆய்வாளர்கள் இரண்டு முகாமாகப் பிரிகிறார்கள். இரு தரப்பும் சொல்வதில் உண்மை உண்டு, ஏனென்றால் அவர்கள் அளப்பது வேறு வேறு. பொருளாதார ஆய்வுகள் பெரும்பாலும் சொல்வது: விற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உரிமையின் ஒரு பகுதியை மட்டுமே விற்றுவிட்டு விவசாயத்தைத் தொடர்ந்தார்கள், முழுசாக வெளியேறியவர் சிறு பங்குதான், கடன் குறைந்ததால் பலர் நிமிர்ந்தார்கள், வட்டார வருமானத்தில் மொத்தப் பாதிப்பு சொற்பம். வட்டாரம் என்பது பெரிய அலகு. அதற்குள் வளரும் நகரமும் இருக்கும், வீழும் கிராமமும் இருக்கும். கூட்டினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். படுகையின் வடபகுதியில் பருத்தியை மட்டுமே நம்பியிருந்த டிரான்பாண்டி, காலரெனெப்ரி போன்ற சின்ன ஊர்களைத் தனியாகப் பார்த்தால் படம் வேறு. வேலை வெளியேறியது, குடும்பங்கள் வெளியேறின, மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆசிரியரை நியமிக்கும் பள்ளிகளுக்கு அது உடனே உறைத்தது. ராபி செஃப்டன் தலைமையில் 2020ல் அறிக்கை தந்த குழு, படுகை ஊர்களின் நிலையைத் தண்ணீர்ச் சீர்திருத்தம் மட்டும் தீர்மானிக்கவில்லை, இயந்திரமயமாதல், வறட்சி, இளைஞர் நகரம் போவது எல்லாம் சேர்ந்தது என்றது. அது சரி. ஆனால் ஏற்கெனவே தளர்ந்திருந்த ஊருக்கும் வசதியான ஊருக்கும் ஒரே அடி ஒரே மாதிரி விழாது.

விற்ற பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். விவசாயி அந்தப் பணத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டால் அது உள்ளூரிலேயே சுழலும். வங்கிக் கடன் அடைத்தால் தலைநகர வங்கிக்குப் போகும். ஓய்வு பெற்றுக் கடற்கரை ஊரில் வீடு வாங்கினால் ஊருக்கு ஒன்றுமில்லை. மூன்றும் அவரவர் உரிமை. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘இத்தனை கோடி டாலர் கிராமப்புறத்துக்குப் போனது’ என்று அறிக்கையில் எழுதும்போது இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

சமூக விளைவுகளை எண்ணில் பிடிப்பது இன்னும் கடினம். அந்த ஊர்களில் தீயணைப்புப் படை, கால்பந்து–நெட்பால் சங்கம், அவசர ஊர்தி எல்லாமே தன்னார்வலர்களால் நடப்பவை. இருபது குடும்பம் போனால் அணிக்கு ஆள் தேறாது. இரண்டு ஊர்ச் சங்கங்கள் இணையும், அப்புறம் ஒன்று மறையும். விற்றவர்மீது விற்காதவருக்கு வரும் கசப்பு இன்னொன்று. ‘நீ விற்றதால்தான் என் கட்டணம் ஏறியது’ என்பதை முகத்துக்கு நேரே சொல்லாவிட்டாலும் மனதில் வைத்திருப்பார்கள். அப்புறம், விவசாயி வியாபாரியாக மாற வேண்டியிருக்கிறது. எப்போது விற்பது, எவ்வளவை அடுத்த வருடத்துக்கு அணையிலேயே விட்டுவைப்பது, இன்றைக்கு வாங்கலாமா பொறுக்கலாமா என்று தினமும் திரையைப் பார்க்க வேண்டும். இது கைவந்தவருக்கு விவசாயத்தைவிட இதிலேயே அதிக வருமானம். பயிர் மட்டும் தெரிந்த நல்ல விவசாயி, தன் தொழிலில் எந்தத் தவறும் செய்யாமலே பின்தங்குவார்.

அந்தத் திரைக்கு மறுபுறம் இருந்தவர்களைப் பற்றி ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2019ல் விசாரணை தொடங்கி, 2021ல் அறிக்கை தந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 180 கோடி டாலர் புரண்ட சந்தையில் அப்போது தரகர்களுக்கு உரிமம்கூடத் தேவைப்படவில்லை. ஒரே தரகர் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வேலை செய்யலாம் என்றிருந்தது. வாடிக்கையாளர் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கும் கட்டாயம் இருக்கவில்லை. மாநிலப் பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. பயிரே செய்யாத முதலீட்டாளர்கள் தண்ணீரைப் பதுக்கி விலையை ஏற்றுகிறார்கள் என்பதுதான் விவசாயிகளின் பெரிய கோபம். விக்டோரியாவில் நிலமில்லாதவர் வைத்திருக்கும் அளவுக்கு இருந்த 10 சதவீத வரம்பு 2009ல் நீங்கியிருந்தது. 2016ல் தண்ணீர் உரிமைகளை வாங்கி வைத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஆணையத்தின் அறிக்கை இந்த முதலீட்டாளர்களைப் பெரிய வில்லனாக்கவில்லை. ஆண்டு முழுக்க ஒதுக்கீட்டை விவசாயிக்கு வாடகைக்குத் தருபவர்களும் அவர்களில் உண்டு. தவறு நடந்தால் பிடிப்பதற்கே சட்டமும் தரவும் இல்லை என்பதுதான் அதன் முக்கியமான குற்றச்சாட்டு. அதைக் கேட்ட விவசாயிக்குச் சந்தேகம் குறைந்திருக்காது.

தொடக்கத்திலேயே பங்கு கிடைக்காதவர்கள் கதை தனி. உரிமங்கள் நிலம் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட காலத்தில் பழங்குடி மக்களிடம் நிலம் இல்லை. ஆகவே தண்ணீரும் இல்லை. நியூ சவுத் வேல்ஸின் படுகைப் பகுதியில் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் அவர்களின் அமைப்புகளிடம் இருந்தது மேற்பரப்பு நீரில் சுமார் 0.2 சதவீதம். அவர்களுக்காக உரிமை வாங்க 2018ல் அரசு 4 கோடி டாலர் அறிவித்து, 2023ல் அதை 10 கோடியாக்கியது. உரிமைகளின் விலை ஏறிக்கொண்டே போக, அறிவித்த பணத்துக்குக் கிடைக்கக்கூடிய தண்ணீர் சுருங்கியது.

இதன் கடுமையான வடிவம் சிலி. 1981ல் ராணுவ ஆட்சி கொண்டுவந்த நீர்ச் சட்டம் உரிமைகளை நிலத்திலிருந்து பிரித்து, இலவசமாக, காலவரையின்றி வழங்கியது. பதிவு செய்யத் தெரிந்தவர், வழக்கறிஞர் வைத்திருந்தவர் முந்திக்கொண்டார். தலைமுறையாக வாய்க்காலைப் பயன்படுத்தியும் பதிவு செய்யாத சிறு விவசாயிகள் பின்தங்கினார்கள். லிமாரி பள்ளத்தாக்கில், மூன்று அணைகளும் வலுவான வாய்க்கால் சங்கங்களும் இருந்த இடத்தில், சந்தை நன்றாகவே இயங்கியது. பெட்டோர்கா பள்ளத்தாக்கில் மலைச்சரிவு முழுக்க வெண்ணெய்ப்பழத் தோட்டம் பச்சையாக இருக்க, கீழே கிராமங்களுக்குக் குடிநீர் லாரியில் வந்தது. 2022ல் சட்டம் திருத்தப்பட்டு, குடிநீருக்கு முன்னுரிமை, புதிய உரிமைகளுக்கு 30 ஆண்டு வரம்பு என்று ஆனது. பழைய உரிமைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

மூன்றாம் ஆளுக்கும் பேரத்தில் ஓர் இடம் தர முடியாதா? கலிபோர்னியாவில் முயன்றிருக்கிறார்கள். பாலோ வெர்டே பள்ளத்தாக்கின் விவசாயிகளும் தெற்குக் கலிபோர்னியாவின் பெருநகர நீர் வாரியமும் 2005ல் தொடங்கிய 35 ஆண்டு ஒப்பந்தத்தில் உரிமை விவசாயிகளிடமே இருக்கிறது. நகரம் கேட்கும் ஆண்டில் நிலத்தில் குறைந்தது 7 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதத்துக்குள் தரிசாகப் போடப்படும். எந்த வயல் என்பது மாறி மாறி வரும். முன்பணமும் ஆண்டுப் பணமும் உண்டு. ஊருக்கென்று 60 லட்சம் டாலர் நிதி ஒன்றும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டது. குரோலியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரியது: ஊரில் எந்த வருடமும் பெரும்பகுதி நிலம் பயிராகிறது, உரக்கடை திறந்திருக்கிறது. ஆனால் 2015ல் அதே வாரியம் அந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை வாங்கியபோது உள்ளூரில் பழைய பயம் திரும்பி, விஷயம் நீதிமன்றம் வரை போனது. இம்பீரியல் பள்ளத்தாக்கிலிருந்து சான் டியேகோவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி) வரை தரும் 2003ன் ஒப்பந்தத்திலும் கூலியாட்களுக்கும் கடைகளுக்கும் நிதி உண்டு. அதில் எவ்வளவு நஷ்டம், யாருக்கு என்று கணக்கிடுவதிலேயே இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டன. வயலில் வழிந்த தண்ணீரை நம்பியிருந்த சால்டன் ஏரி வற்றி, அதன் படுகையிலிருந்து கிளம்பும் தூசியைச் சுவாசிப்பவர்கள் அந்தப் பகுதியின் கூலிக் குடும்பங்கள்.

ஆஸ்திரேலியா இப்போது இரண்டாம் சுற்றில் இருக்கிறது. 2023ன் சட்டப்படி, சுற்றுச்சூழலுக்குக் கூடுதலாக 450 ஜிகா லிட்டர் 2027 டிசம்பர் 31க்குள் மீட்கப்பட வேண்டும். பாதிக்கப்படும் ஊர்களுக்கு 30 கோடி டாலர். அந்தப் பணம் மாநில அரசுகள் வழியாகத் திட்டங்களாக வருகிறது. கலிபோர்னியாவில் ஊர் நிதி ஒப்பந்தக் கையெழுத்தோடு பிறந்தது. இங்கே விற்பனை ஒரு மேசையில், உதவி இன்னொரு மேசையில், அதுவும் பின்னால். ஒரு கிளை வாய்க்காலில் உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து பேசி, கடைமடைப் பகுதியை மொத்தமாக விற்றுவிட்டு வாய்க்காலைச் சுருக்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு, தனித்தனியாக விலை கேட்டு வாங்கும் டெண்டரில் இடம் குறைவு. அப்படிச் சேர்ந்து விற்பதற்கு அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்ப வேண்டும். பதினைந்து வருடம் தனித்தனியாக விற்ற ஊரில் அந்த நம்பிக்கை எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இந்தச் சுற்றில் பார்க்கப்போகிறோம்.